மடிப்பு வைத்த மனிதர்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், சீருடைத் தையல் தலைக்கு மேல். நேற்றுதான் கடைசிப் பாவாடையை முடித்துக் கொடுத்தேன். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? படி ஏறுகிறாயா?

மகள் படிப்புக்காக ஒரு காணொளி பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன், அதிலிருந்து உன் ஞாபகம்தான். இஸ்ஸே மியாகே என்ற ஜப்பான்காரரின் உடைகள் தயாராகும் இடம். ஆப்பிள் கம்பெனி ஸ்டீவ் ஜாப்ஸ் போட்டிருப்பாரே, கழுத்தை மூடிய கறுப்புச் சட்டை, அதைச் செய்து கொடுத்தவர்.

மடிப்பு வைக்க நாம் பட்ட பாடு மறக்குமா? சாக்பீஸால் கோடு போட்டு, மடித்து, குண்டூசி குத்தி, இஸ்திரி போட்டு, அப்புறம்தான் தையல். ஒன்று பிசகினாலும் டீச்சர் மொத்தத்தையும் பிரிக்கச் சொல்வார். மியாகே அந்த வரிசையையே திருப்பிப் போட்டுவிட்டார். முதலில் முழு உடையையும் தைத்துவிடுகிறார்கள், வேண்டிய அளவைவிட இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாக. அதை இரண்டு காகிதங்களுக்கு நடுவில் வைத்து இயந்திரத்துக்குள் விடுகிறார்கள். சூட்டிலும் அழுத்தத்திலும் பொடிப்பொடியாக மடிந்து, ஆள் அளவுக்குச் சுருங்கி வெளியே வருகிறது. துணி பாலியெஸ்டர், அதனால் சூட்டில் விழுந்த மடிப்பு துவைத்தாலும் போகாது. பருத்தியில் அப்படி நிற்காது. நம் பாவாடைகள் இரண்டாவது துவையலிலேயே தொங்கிப்போனது நம் கைக்குற்றம் இல்லை, தோழி!

1988-ல் இந்த வேலையில் இறங்கியிருக்கிறார். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் பாலே நடனக் குழுவினருக்கு இப்படி உடை செய்து கொடுத்திருக்கிறார். 1993-ல் 'பிளீட்ஸ் பிளீஸ்' என்று தனிப் பெயரில் விற்பனைக்கு வந்தது. சுருட்டிப் பெட்டிக்குள் வைக்கலாம், இஸ்திரி வேண்டாம். கையைத் தூக்கினால் துணியும் கூடவே விரிகிறது. உடம்பை இறுக்காத உடை. பாரிஸில் ஜிவான்ஷி என்ற பெரிய டிசைனரிடம் வேலை பார்த்தவர், 1968 மாணவர் போராட்டத்தை நேரில் கண்ட பிறகு, பணக்காரப் பெண்களுக்கு மட்டும் தைப்பதில் மனம் ஒட்டாமல் 1970-ல் டோக்கியோவில் தன் ஸ்டுடியோவைத் தொடங்கியவர். அந்த மனசு இந்த மடிப்பில் தெரிகிறது.

அவர் பிறந்தது ஹிரோஷிமா. குண்டு விழுந்தபோது வயது ஏழு. கதிர்வீச்சு பட்ட அம்மா மூன்று வருடத்துக்குள் போய்விட்டார். 'அணுகுண்டில் பிழைத்த டிசைனர்' என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று பல வருடங்கள் அதைப் பற்றிப் பேசவே மாட்டார். 2009-ல்தான், ஒபாமா ஹிரோஷிமாவுக்கு வர வேண்டும் என்று கேட்டு நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அழிவதை அல்ல, உருவாக்கக்கூடியதை நினைக்கவே விரும்பினேன் என்று அதில் சொல்லியிருக்கிறார். படித்துவிட்டு வெகுநேரம் மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். 2022 ஆகஸ்ட் 5 அன்று, குண்டு விழுந்த தேதிக்கு முதல் நாள், 84 வயதில் இறந்துபோனார்.

ஆடிக்கு வருவாய் அல்லவா? பழைய பாலியெஸ்டர் புடவை ஒன்று எடுத்து வா. காக்கித்தாளும் இஸ்திரிப் பெட்டியும் என்னிடம் இருக்கின்றன. ஒரு கைக்குட்டை அளவுக்காவது செய்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் தோழி