மீண்டும் ஓடத் தொடங்கும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். மூத்தவள் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறாள். இளையவன் என் உயரத்துக்கு வளர்ந்துவிட்டான். அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடி பத்திரிகை படிக்கத் தொடங்கிவிட்டார். குடும்பச் செய்தி இவ்வளவுதான். இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

ரத்த அழுத்தம் கூடியிருப்பதாகவும், மூன்று மாதம் உணவையும் உடற்பயிற்சியையும் கவனித்துவிட்டு வந்தால் மாத்திரையைப் பற்றி அப்போது முடிவு செய்யலாம் என்று மருத்துவர் கூறியதாகவும் எழுதியிருந்தாய். நான் சில ஆண்டுகளாக மீண்டும் ஓடி வருவதைக் கேள்விப்பட்டு உனக்கும் அந்த ஆசை வந்திருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் அடுத்த திங்கட்கிழமை முதல் தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடப்போவதாக நீ எழுதியிருந்த வரியைப் படித்த பிறகு, பதிலைத் தள்ளிப்போட மனம் வரவில்லை. அந்தத் திட்டத்தை மட்டும் தயவுசெய்து மாற்றிக்கொள்.

ஓடியே பழக்கமில்லாத ஒருவர் நாற்பத்தெட்டு வயதில் ஓடத் தொடங்கினால் அஞ்சி அஞ்சித்தான் தொடங்குவார். அந்த அச்சமே அவருக்குப் பாதுகாப்பு. கல்லூரி அணியில் ஐயாயிரம் மீட்டர் ஓடிய நம்முடைய நிலை வேறு. மூச்சு முட்டும்போது எப்படிப் பொறுத்துக்கொள்வது, கடைசிச் சுற்றில் எவ்வளவு மிச்சம் வைத்திருப்பது என்பதெல்லாம் நம் மனத்தில் அப்படியே பதிந்து கிடக்கின்றன. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நாற்காலியிலேயே பெரும்பொழுதைக் கழித்த கால்களிடம் அந்த மனம் பழைய வேகத்தைக் கேட்கும். பழைய ஓட்டக்காரர்கள் திரும்பி வரும்போது எதிர்கொள்ளும் முதன்மையான இடர் இதுவே என்று நான் கருதுகிறேன்.

உடலின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. பயிற்சி தொடங்கிய ஓரிரு வாரங்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவின் அளவு கூடுகிறது. அதனால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்பைவிட அதிக ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அடுத்த சில வாரங்களில் தசைச் செல்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. தசையைச் சுற்றிலும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கூடுகின்றன. ஆகவே இரண்டாம் மாதத்தில் மூச்சு வாங்குவது வெகுவாகக் குறைந்து, இன்னும் வேகமாகப் போகலாமே என்று தோன்றும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களோ அவ்வளவு விரைவில் வலுப்பெறுவதில்லை. அவற்றுக்குக் கிடைக்கும் ரத்தம் குறைவு; அவற்றின் கொலாஜன் இழைகள் மிக மெதுவாகவே புதுப்பிக்கப்படுகின்றன; புதிய சுமைக்கு அவை பழகப் பல மாதங்கள் ஆகும். எலும்புக்கும் அப்படித்தான். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை தரையிலிருந்து காலில் ஏறுகிறது. கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு பிணைக்கும் தசைநாண் தாங்குவது ஆறு மடங்குக்கும் மேல். நிமிடத்துக்குச் சுமார் 160 அடி என்று கொண்டால், இருபது நிமிட ஓட்டத்தில் இது 3,200 முறை நிகழ்கிறது. மூச்சு சம்மதித்தும் கால் இன்னும் சம்மதிக்காமல் இருக்கும் அந்த இரண்டாம், மூன்றாம் மாதங்கள்தான் மிகவும் கவனமாக இருக்கவேண்டிய காலம்.

ஓடுவதற்கு முன் செய்யவேண்டிய ஒரு காரியம் உண்டு. உன் தந்தைக்கு ஐம்பது வயதிலேயே மாரடைப்பு வந்ததை நான் மறக்கவில்லை. ஆகவே ஓடப்போகிறேன் என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லி, ஈசிஜி, ட்ரெட்மில் பரிசோதனை, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றில் அவர் தேவை என்று கருதுவதையெல்லாம் முடித்துவிடு. பின்னரும் ஓடும்போது மார்பில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, தலைச்சுற்றல், துடிப்பு தாறுமாறாக எகிறுவது போன்ற எது தோன்றினாலும் அந்த இடத்திலேயே நின்று உதவி கேள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணாதே. இதில் உன் துணிச்சலுக்கு இடமே இல்லை.

மருத்துவர் அனுமதி அளித்த பிறகு, முதலில் நட. அரை மணி நேரம் வேகமாக நடந்து முடித்த மறுநாள் காலில் எந்த நோவும் இல்லை என்ற நிலை வரும்வரை, அது ஆறு வாரமானாலும் சரி, நடையோடு இரு. அதன் பிறகு ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம் செய். வாரத்தில் மூன்று நாள் போதும். இடையில் ஒரு நாளாவது ஓய்வு இருக்கவேண்டும். ஒரு நிமிட ஓட்டம் முடியும்போது இன்னும் ஓடலாமே என்று தோன்றும். தோன்றவும் வேண்டும், அப்போதே நடைக்கு மாறிவிடு. சில வாரங்களுக்கு ஒருமுறை ஓட்டத்தின் நேரத்தைச் சிறிது கூட்டு. வேகத்தை முதல் ஆறு மாதம் தொடவே தொடாதே. நேரம், வேகம், நாட்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் கூட்டுவது என்பதை நான் இன்றும் கடைப்பிடிக்கிறேன்.

எவ்வளவு மெதுவாக ஓடவேண்டும் என்று நீ கேட்பாய். முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓடவேண்டும். நான் பெரும்பாலும் தனியாக ஓடுவதால் பதினாறாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். ஒரு வரியை ஒரே மூச்சில் சொல்லி முடித்தால் வேகம் சரி. நடுவில் மூச்சு இழுக்க நேர்ந்தால் உடனே குறைத்துவிடுவேன். ஸ்மார்ட் வாட்ச் வாங்கப்போவதாக எழுதியிருந்தாய். வாங்கு, ஆனால் அது காட்டும் உச்சத் துடிப்பை, அதாவது இதயம் ஒரு நிமிடத்தில் அதிகபட்சமாகத் துடிக்கக்கூடிய எண்ணிக்கையை, அப்படியே நம்பிவிடாதே. 220-லிருந்து வயதைக் கழிக்கும் பழைய கணக்கின்படி உனக்கு 172 வரும். 208-லிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிக்கும் பின்னாளைய கணக்கின்படி ஏறத்தாழ 174 வரும். இரண்டுமே சராசரிகள்தாம், தனிமனிதரின் உண்மையான அளவு பத்துத் துடிப்போ அதற்கு மேலோ முன்பின்னாக இருப்பது சாதாரணம். மேலும், மருத்துவர் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எதையேனும் பின்னர் எழுதிக்கொடுத்தால், துடிப்பு வழக்கமான அளவுக்கு ஏறவே ஏறாது. அப்போது இந்தக் கணக்குகள் பொருந்தா. பேச்சு எப்போதும் பொருந்தும்.

மெதுவாக ஓடுவதை இழிவாக எண்ணும் பழக்கம் நம் பயிற்சியாளர் காலத்திலிருந்தே நம்மிடம் இருக்கிறது. ஆனால் உலகத் தரமான பயிற்சியாளர்களே இதைப் பெரிதும் மதித்தார்கள். நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டு, 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரிலும் 5,000 மீட்டரிலும் முறையே தங்கம் வென்ற பீட்டர் ஸ்னெல், மர்ரே ஹால்பர்க் ஆகிய இருவருக்கும் பயிற்சி அளித்தவர். அவரே அடுத்த சில ஆண்டுகளில், ஆக்லாந்து நகரத்தின் நடுவயதுக்காரர்களையும் இதய நோய் கண்டவர்களையும் மெல்லோட்டத்துக்கு அழைத்து வந்தார். 1962-இல் அங்கே சென்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன், அப்போது ஐம்பதைக் கடந்தவர், அந்தக் குழுவோடு ஓடிப் பார்த்துப் பின்தங்கிப்போனார். எழுபதைக் கடந்த ஒருவர் அவருக்குத் துணையாக மெதுவாக ஓடி வந்தார். பெரிய வீரர்களை உருவாக்கியவர் தம் உடலின் நிலையை அன்றுதான் உணர்ந்தார். ஊர் திரும்பியதும் தாமும் மெல்லோட்டத்தைக் கைக்கொண்டு, சாதாரண மக்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார். கடினமான பயிற்சிக்கு மறுநாள் எளிதான பயிற்சியோ ஓய்வோ இருக்கவேண்டும் என்று தம் மாணவர்களிடம் வலியுறுத்தியவரும் அவரே. இளைஞர்களுக்கே அது தேவை என்றால், நம் வயதில் ஒரு கடினமான நாளுக்கு இரண்டு எளிய நாட்கள் வைத்துக்கொள்வதில் தவறில்லை.

வயது எவ்வளவு எடுத்துக்கொண்டிருக்கும் என்றும் கேட்டிருந்தாய். உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய ஆக்ஸிஜனின் உச்ச அளவு, உழைப்பில்லாத உடலில் முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு குறைகிறது. தொடர்ந்து தீவிரமாகப் பயிற்சி செய்கிறவர்களுக்கு அந்த இழப்பு ஏறக்குறைய பாதிதான். உச்சத் துடிப்பு குறைவதைப் பயிற்சியால் தடுக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு துடிப்பும் தள்ளும் ரத்தத்தின் அளவையும், அதிலுள்ள ஆக்ஸிஜனைத் தசை எடுத்துக்கொள்ளும் திறனையும் எந்த வயதிலும் உயர்த்தலாம். எட் விட்லாக் என்ற கனடா நாட்டவரை நினைத்துப் பார். இளமையில் ஓடியவர், பிறகு நிறுத்தியவர், நாற்பதுகளில் திரும்பி வந்தவர். 2004-இல், 73-ஆம் வயதில், மாரத்தானை 2 மணி 54 நிமிடம் 48 விநாடியில் முடித்தார். 2016-இல், 85-ஆம் வயதில், நான்கு மணி நேரத்துக்குள் முடித்தார். வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்தை மூன்று மணி நேரம் வரை மெதுவாகச் சுற்றிச் சுற்றி ஓடியதே அவருடைய பயிற்சியின் பெரும்பகுதி. அவர் உடல்வாகு நமக்கு வாய்க்காது. ஆனால் நாற்பதுகளில் திரும்பி வருவது காலங்கடந்த செயல் என்று யாராவது சொன்னால் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருவார்.

முழங்கால் தேய்ந்துவிடும் என்று உன் மைத்துனர் எச்சரித்திருக்கிறார். பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். 2017-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வில், உடல்நலத்துக்காக ஓடுகிறவர்களில் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தவர்கள் 3.5 விழுக்காடு; ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 விழுக்காடு, போட்டி வீரர்களில் 13.3 விழுக்காடு. மூட்டு கெட்டவர்கள் ஓட்டத்தை விட்டுவிடுவதும் இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால், ஓட்டம் மூட்டைக் காக்கிறது என்று அடித்துச் சொல்ல நான் முன்வரமாட்டேன். அளவோடு ஓடுகிறவருக்கு அது கேடு செய்கிறது என்பதற்கு இதில் சான்றில்லை என்பது மட்டும் உறுதி. பழைய காயமோ அறுவைச் சிகிச்சையோ இருக்கும் மூட்டு வேறு. உனக்கு அப்படி எதுவும் இல்லை.

ஓடாத நாட்களில் இரண்டு நாளாவது கால் தசைகளுக்கு வலுவூட்டு. எனக்கு மிகவும் உதவிய பயிற்சி மாடிப்படியில் செய்வது. கீழ்ப்படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக நுனிக்காலில் எழும்பி, அதைவிட மெதுவாகக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கவேண்டும். பாதியை முழங்காலை நீட்டியும், மீதியைச் சற்று மடக்கியும் செய்யவேண்டும். மடக்கிச் செய்தால் கெண்டைக்காலின் உள்ளே படிந்திருக்கும் தட்டைத் தசைக்கு வேலை அதிகம் கிடைக்கும். நெடுந்தூர ஓட்டத்தில் நம்மைத் தாங்குவது பெரும்பாலும் அந்தத் தசைதான். முதலில் இரு காலாலும் செய். எளிதான பிறகு ஒற்றைக் காலில்.

வலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் சில அடிகள் வைக்கும்போது குதிகாலும் பாதமும் என்ன சொல்கின்றன என்று கவனி. லேசான விறைப்பு நடக்க நடக்க விலகினால் அன்று மெதுவாக ஓடலாம். ஓட ஓட வலி கூடினாலோ, நடை மாறினாலோ, எலும்பின் மேல் ஒரே புள்ளியில் விரல் வைத்து அழுத்தும்போது சுருக்கென்று வலித்தாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்.

பலனைப் பற்றி உனக்கு மிகையான நம்பிக்கை தர விரும்பவில்லை. ஒழுங்கான நடையும் ஓட்டமும் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் அளவைப் பொதுவாக 5 முதல் 8 மி.மீ. (பாதரச அளவு) வரை குறைக்கும். உன் அளவுக்கு அது போதலாம், போதாமலும் போகலாம். போதாவிட்டால் மாத்திரையையும் மனக்குறையின்றி எடுத்துக்கொள், ஓட்டத்தையும் விடாதே. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 75 முதல் 150 நிமிடம் வரை தீவிரமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. வாரம் மூன்று நாள் அரை மணி நேரம் ஓடினாலே அந்த வரம்புக்குள் வந்துவிடுவாய். எனக்குக் கிடைத்தவற்றில் நான் பெரிதாக மதிப்பது இரண்டு. ஓய்வில் இருக்கும்போது துடிப்பு குறைந்திருக்கிறது; இரவு படுத்தவுடன் தூக்கம் வருகிறது. அலுவலகத்தில் மாலையானால் வரும் எரிச்சலும் ஓடிய நாட்களில் அவ்வளவாகத் தலைகாட்டுவதில்லை. பழைய நேரங்களை நான் இப்போது எண்ணிப் பார்ப்பதே இல்லை. இருபது வயதில் ஓடிய அந்தப் பையனை இனி முந்த முடியாது, முந்தவேண்டியதும் இல்லை என்பது மனத்தில் படிந்த பிறகே ஓட்டம் எனக்கு முழு மகிழ்ச்சியைக் கொடுக்கத் தொடங்கியது.

பரிசோதனை முடிவுகள் வந்தவுடன் எழுது. ட்ரெட்மில்லில் எத்தனை நிமிடம் நடந்தாய், ரத்த அழுத்தம் எவ்வளவு ஏறியது என்பதையும் குறிப்பிடு. காலணியைப் பற்றி அதிகம் யோசிக்காதே; போட்டு நாலு அடி ஓடிப் பார்த்து, விரல்களுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருந்து, எங்கும் உறுத்தவில்லை என்றால் அதையே வாங்கு. விடுமுறைக்கு நீ குடும்பத்தோடு இங்கு வரும்போது அந்தக் காலணியையும் எடுத்து வா. அதற்குள் நீ எந்த நிலையில் இருந்தாலும், உன் ஓட்டமும் நடையும் எப்படியோ அப்படியே நானும் உடன் வருகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்