எய்யா, அந்தப் பிள்ளைகளைப் பேசவிடு

கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள எய்யாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்கு முட்டுவலி பரவாயில்லை. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது, கார் நடவுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.

நீ போனில் கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். நீ வகுப்புக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாய், எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. "முதல் தடவையாக ஒரு குழுவை ஹாக்கத்தானுக்குக் கூட்டிப் போகிறேன், ஆறு பேருக்கும் மேடையில் பேச என்ன எழுதிக் கொடுக்கட்டும்மா?" என்று கேட்டாய். ஹாக்கத்தான் என்றால் 36 மணி நேரம் ஒரே இடத்தில் இருந்து ஒரு பிரச்சினைக்கு விடை செய்து நடுவர்களிடம் காட்டும் போட்டி என்று நீதான் எனக்குச் சொன்னாய். எதுவும் எழுதிக் கொடுக்காதே, எய்யா. இந்த விஷயத்தில் நான் உனக்குச் செய்த தப்பு பதினாலு வருஷமாக எனக்குள் இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் சிரிஞ்சு வைத்து ஒரு ஜேசிபி செய்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அட்டையில் கை, ஐஸ் குச்சியில் வாளி, மருந்துக் கடையில் வாங்கிய எட்டு சிரிஞ்சு. நான் பாஸ்கல் விதியை ஒரு பக்கம் எழுதி உன்னை மனப்பாடம் பண்ண வைத்தேன். கண்காட்சியில் நடுவர் வந்து நின்றார். மூன்றாவது வரியில் உனக்கு ஒரு வார்த்தை மறந்துபோனது. அதற்கப்புறம் நீ வாயே திறக்கவில்லை. கை மட்டும் சிரிஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாய்: "குழாய்க்குள்ள காத்துக் குமிழ் இருந்தா வாளி நடுங்குதும்மா. தண்ணிக்குள்ள வச்சே மாட்டினேன், நடுக்கம் நின்னுட்டு. அதைத்தான் சொல்லணும்னு நினைச்சேன், உன் பேப்பர்ல அது இல்ல." காற்றை அழுத்தினால் சுருங்கும், தண்ணீர் அப்படிச் சுருங்காது. பாஸ்கல் விதியை விட அன்றைக்கு நடுவர் கேட்க வேண்டியிருந்தது அதைத்தான். அதை நீயாகவே கண்டுபிடித்திருந்தாய். என் பேப்பர் அதை அடைத்துவிட்டது.

அதனால் போன வருஷம், ஓய்வு பெற்ற பிறகும் பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டுப் போட்டிக்குப் போகும் ஒரு குழுவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னபோது, ஒரு வரிகூட எழுதித் தருவதில்லை என்று முடிவு பண்ணிக்கொண்டேன். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர். குளத்து நீர்மட்டத்தை அளந்து போனுக்கு அனுப்பும் கருவி செய்ய வேண்டும் என்று அவர்களேதான் வந்து நின்றார்கள். ஏன் என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18 உனக்கே தெரியுமே. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. அந்த ராத்திரி கரண்டும் இல்லாமல், குளம் மறுகால் பாய்கிறதா, கரை நிற்குமா என்று பார்க்கக் கரைக்கு யாராலும் போக முடியவில்லை. அந்த நாலு பேரில் ஒரு பெண்பிள்ளையின் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர்.

கருவி ரொம்ப எளிமை. ஆந்தைக் கண் மாதிரி இரண்டு வட்டம் உள்ள ஒரு சென்சார், அதோடு சின்ன ஒரு போர்டு. ஒரு கண் விநாடிக்கு 40,000 தடவை அதிரும் ஒலியை அனுப்பும். நம் காது 20,000 வரைதான் கேட்கும். ஒலி தண்ணீரில் பட்டுத் திரும்பி வருவதை இன்னொரு கண் பிடிக்கும். போய்வந்த நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தூரம். மடைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாயை நட்டு, அதற்கு மேலே இதை மாட்டினார்கள். குழாய் இல்லாமல் வைத்தபோது அமலைச்செடி மிதந்து வந்து அடியில் நிற்கும், கருவி செடியை அளந்துவிட்டுத் தண்ணீர் என்று சொல்லும்.

எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. தினமும் மத்தியானம் குளம் நாலு சென்டிமீட்டர் ஏறியது. மழை இல்லை, கால்வாயில் வரத்து இல்லை. சாயங்காலம் தானாக இறங்கியது. இரண்டு நாள் பிள்ளைகள் வயரை மாற்றினார்கள், சென்சாரை மாற்றினார்கள். எனக்கு விடை தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்படி இருந்ததுதான் அந்த ஐந்து மாதத்திலும் எனக்குக் கஷ்டமான வேலை. மூன்றாம் நாள் அந்தப் பெண் கையில் ஒரு வெப்பமானியோடு வந்தாள். காலையில் 26 டிகிரி, மத்தியானம் 38. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர் கூடும். புரோகிராமில் ஒலியின் வேகமாக இருந்ததோ 20 டிகிரிக்கு உரிய 343 என்ற ஒரே எண். வெயிலில் ஒலி சீக்கிரம் போய்த் திரும்புகிறது, கருவி தண்ணீர் பக்கத்தில் வந்துவிட்டது என்று நினைக்கிறது. இரண்டு மீட்டர் தூரத்துக்குக் கணக்குப் போட்டால் நாலு சென்டிமீட்டர் அப்படியே வந்து நிற்கிறது. திண்ணையில் சாக்பீஸால் அவள் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, எய்யா. ஒரு வெப்ப சென்சாரைச் சேர்த்தார்கள், குளம் ஏறுவது நின்றது.

போட்டியில் நடுவர் கேட்ட முதல் கேள்வியே, "உங்கள் அளவு சரி என்று எப்படித் தெரியும்?" என்பதுதான். அவள் தயங்கவில்லை. "சார், முதலில் தப்பாகத்தான் இருந்தது" என்று ஆரம்பித்தாள். மத்தியானம் ஏறிய குளத்தின் கதையைச் சொன்னாள். அப்புறம் ஒன்று சேர்த்தாள், அது எனக்கே தெரியாது. மடை பார்க்கும் தாத்தா மடைக்கல்லில் எத்தனை வரி முங்கியிருக்கிறது என்று பார்த்துத்தான் தண்ணீர் திறப்பாராம். ஒரு வாரம் காலையும் மாலையும் அவர் சொன்ன வரியையும் கருவி சொன்ன எண்ணையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த நோட்டை நடுவர் கையில் கொடுத்தாள். அவர் மூன்று பக்கம் புரட்டினார், அடுத்த மேஜைக்குப் போக அவசரப்படவில்லை. கிடைத்தது இரண்டாம் பரிசு.

உன் பிள்ளைகளும் எங்காவது தப்புப் பண்ணித் திருத்தியிருப்பார்கள். அதை மறைக்கச் சொல்லாதே. யார் எதைத் திருத்தினார்களோ அவர்களே அதைப் பேசட்டும். பாஷை எதுவானாலும் சரி, முதலில் தமிழில் ஒருதரம் சொல்ல வை. தமிழில் தடுமாறினால் விஷயம் இன்னும் பிடிபடவில்லை என்று உனக்கே தெரிந்துவிடும். நான் இந்த நாலு பேரையும் கொக்கிரகுளத்தில் இருக்கிற மாவட்ட அறிவியல் மையத்துக்குக் கூட்டிப் போனேன். 1987இல் திறந்தது, உன்னையும் சின்னதில் அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். ஆளுக்கு ஒரு பொருள் முன்னால் நின்று அதை மற்ற மூன்று பேருக்கும் விளக்க வேண்டும் என்றேன். முதல் அரைமணி நேரம் வெட்கம், அதற்கப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை. கடைசி ஒத்திகை நம் திண்ணையில், பக்கத்து வீட்டு ஆச்சி முன்னால். "இது கரண்டு போனா வேலை செய்யுமா?" என்று ஆச்சி கேட்டாள். அந்தக் கேள்வியால்தான் பேட்டரி சேர்ந்தது.

உங்கள் போட்டியில் ஆறு பேரில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பது விதி என்றாய். அதற்காக ஒரு பெண்ணைச் சேர்த்து, ஸ்லைடு மாற்றும் வேலையை மட்டும் கொடுத்துவிடாதே. நீ அப்படிச் செய்யமாட்டாய், ஆனாலும் பையன்கள் செய்வார்கள், நீ கவனிக்கவில்லை என்றால். 36 மணி நேரமும் ஆறு பேரும் முழித்திருக்க வேண்டியதில்லை, முறை வைத்துத் தூங்கட்டும். பேசப் போகிறவர் கட்டாயம் தூங்க வேண்டும்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம், ஆனால் காலை வாரிவிடும். செருகு வயரை நம்பாதே, ஈயம் வைத்துப் பற்றவைக்கச் சொல். அந்த அரங்கத்து வைஃபையை நம்பாதே. கருவி ஓடுவதை முன்னாலேயே வீடியோ எடுத்து வை. தமிழ் எழுத்து வேறு கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக உடைந்து வரும், அதனால் ஸ்லைடை பிடிஎஃப் ஆக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொள். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லலாம் என்பதை நீயே அவர்களுக்குச் சொல், அவர்களாக அதைத் துணியமாட்டார்கள்.

போட்டிக்கு முன்னால் ஒரு சனி ஞாயிறு ஆறு பேரையும் இங்கே கூட்டி வாயேன். ஆச்சியும் அப்பாவும் திண்ணையில் இருப்பார்கள், அந்த நாலு பிள்ளைகளையும் வரச் சொல்கிறேன். குழாய் இன்னும் மடைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது, காட்டலாம். என்றைக்கு வருகிறீர்கள் என்று இரண்டு நாள் முன்னால் சொல்லிவிடு. தேங்காய் உடைத்துப் பால் எடுத்துச் சொதியும் இஞ்சிப் பச்சடியும் வைக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா