குடிபூரும்போதே வரியையும் சொல்லுங்கள்: யாழ்ப்பாண மாவட்ட உள்ளூராட்சி சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதல்வர், தவிசாளர்கள், செயலாளர்கள், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

புதிதாக வீடு கட்டிக் குடியேறிய ஒருவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். வீட்டுக்கும் காணிக்கும் சபை அறவிடும் ஆதனவரியைக் குறையுங்கள் என்று கேட்பதற்காக அல்ல, கட்ட வேண்டிய வரியைக் கட்ட வேண்டிய காலத்திலேயே எங்களுக்குச் சொல்லுங்கள் என்று கேட்பதற்காகவே எழுதுகிறேன். மாவட்டத்தில் ஒரு மாநகர சபையும் மூன்று நகர சபைகளும் பதின்மூன்று பிரதேச சபைகளும் உள்ளன. எனக்கு நேர்ந்தது எந்தச் சபையில் என்பதை இங்கு குறிப்பிடவில்லை, ஏனெனில் இதையே வேறு சபைகளின் எல்லைக்குள் வீடு கட்டிய உறவினரும் நண்பரும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் வளவு அம்மாவுக்குச் சீதனமாக வந்த இரண்டு பரப்புக் காணி. அதிலிருந்த அம்மப்பாவின் ஓட்டு வீடு 1995 இடப்பெயர்வுக்குப் பின்னர் கூரையில்லாமல் நின்று, மழையில் கரைந்து, கடைசியில் கிணறும் ஒரு பக்கச் சுவருமே மிஞ்சின. சீமெந்து மூடையின் விலை கிழமைக்குக் கிழமை ஏறிய 2022ஆம் ஆண்டில், பாதியில் விட்டுவிடுவோமோ என்ற பயத்துடனேயே வேலையை முடித்து, அவ்வாண்டு கார்த்திகையில் குடிபூர்ந்தோம். வரைபடத்துக்கு முறைப்படி அனுமதி பெற்றிருந்தோம். அவ்விண்ணப்பத்துடன் காணிக்கு வரி நிலுவை இல்லை என்பதைக் காட்டும் பற்றுச்சீட்டையும் இணைத்திருந்தோம். தொழில்நுட்ப உத்தியோகத்தர் மூன்று தடவை வந்து அளந்தார், மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்தார், கட்டி முடித்ததும், அனுமதித்த வரைபடத்தின்படியே கட்டியிருக்கிறோம் என்பதற்கான இணக்கச் சான்றிதழும் கிடைத்தது. இனி வரிச் சீட்டு வரும் என்று காத்திருந்தோம்.

அது 2025 ஏப்ரலில் வந்தது. மண்ணிறக் கடித உறைக்குள் இருந்த அந்தத் தாளில், காலமாகி இருபத்தெட்டு ஆண்டுகளாகிவிட்ட அம்மப்பாவின் பெயர் நீல மையால் எழுதப்பட்டிருந்தது. ஆண்டுப் பெறுமதி, அதாவது வீட்டுக்கு ஓர் ஆண்டில் கிடைக்கக்கூடிய வாடகை, 60,000 ரூபா, வீதம் 8 சதவீதம், ஆண்டு வரி 4,800 ரூபா, காலாண்டுக்கு 1,200 ரூபா என்று போட்டு, 2023 ஜனவரி முதல் ஒன்பது காலாண்டுகளுக்கு 10,800 ரூபா நிலுவை எனக் கணக்கிட்டு, அதன் கீழே தாமதத்துக்கான செலவு என்று இன்னொரு தொகையையும் சேர்த்திருந்தார்கள். ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்ற வசனம் தாளின் அடியில் இருந்தது. ஆனால் எந்தத் திகதிக்கு முன் என்பதை எழுத வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. அம்மா அந்தத் தாளை வாங்கித் தன் தகப்பனின் பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "நாங்கள் கட்டாமல் ஏமாற்றினவை என்றல்லோ இதில எழுதிக் கிடக்கு" என்று சொன்னார். அந்தச் சொல்தான் இம்மடலை எழுத வைத்தது.

ஜனவரி 31ஆம் திகதிக்குள் முழு ஆண்டுக்கான வரியையும் கட்டுபவருக்கு 10 சதவீதமும், காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டுபவருக்கு 5 சதவீதமும் கழிவு உண்டு. சீட்டு காலத்துக்கு வந்திருந்தால் மூன்று ஆண்டுகளிலும் தலா 480 ரூபாவாக 1,440 ரூபா எங்களுக்கு மிஞ்சியிருக்கும். தொகை பெரிதல்ல. ஆனால் நேரத்துக்குக் கட்டுபவருக்குச் சட்டம் கொடுக்கும் சலுகையை, கட்டத் தயாராக இருந்தவர்கள் இழந்ததுடன், தாமதத்துக்கான செலவையும் அவர்களே சுமக்க வேண்டியிருப்பது நியாயமாகாது. அந்தத் தாமதம் எங்களுடையதல்ல.

அலுவலகத்துக்குச் சென்று விசாரித்தபோதுதான் காரணம் விளங்கியது. இணக்கச் சான்றிதழ் வழங்கிய பகுதியிலிருந்து, வரியைக் கவனிக்கும் வருமானப் பகுதிக்குப் பத்து அடி தூரம் இருக்கும். அந்தப் பத்து அடியை எங்கள் கோவை இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகக் கடக்கவில்லை. வருமானப் பரிசோதகர் ஒழுங்கை ஒழுங்கையாகச் சென்று புதுக் கட்டடங்களைக் கண்டுபிடித்து எழுதியதன் பின்னரே எங்கள் வீடு பதிவேட்டில் ஏறியது. கட்டுவதற்கு அனுமதி கொடுத்த அதே சபை, கட்டிய வீட்டைத் தெருவில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அங்கிருந்த உத்தியோகத்தர்கள் பண்பாகவே பேசினார்கள், அவர்களில் எவரையும் நான் குறை கூறவில்லை. உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரை, கேட்பதற்கு உறுப்பினர் என்று ஒருவர்கூட இல்லாத காலம் அது. இப்போது நீங்கள் இருக்கிறீர்கள் என்பதனாலேயே உங்களிடம் கேட்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பலர் வீடு கட்டி முடித்த பின்னரும் இணக்கச் சான்றிதழுக்குப் போவதில்லை. செலவழித்த இலட்சங்களுக்கு ஏற்ப வரி போடுவார்கள் என்ற பயமே அதற்குக் காரணம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. திருத்தச் செலவை உரிமையாளரும் வரிகளை வாடகைக்காரரும் ஏற்பதாக வைத்துக்கொண்டால், அந்த வீட்டுக்கு ஓர் ஆண்டில் நியாயமாக எவ்வளவு வாடகை கிடைக்கும் என்பதே ஆண்டுப் பெறுமதி. வெளிநாட்டுக் காசில் தூண்களும் பளிங்குத் தரையுமாகக் கட்டிப் பூட்டி வைத்திருக்கும் வீட்டுக்கும், நாங்கள் கட்டியது போன்ற மூன்று அறை வீட்டுக்கும் இதே அளவுகோல்தான். இதை ஒரு துண்டுத் தாளில் அச்சிட்டு, வரைபட அனுமதியுடன் சேர்த்துக் கொடுத்தால், பயத்தில் ஒதுங்கி நிற்பவர்களில் பலர் தாமாகவே வருவார்கள்.

ஆகவே, இணக்கச் சான்றிதழில் கையொப்பமிடும் நாளிலேயே அக்கோவையின் பிரதி வருமானப் பகுதிக்குப் போக வேண்டும் என்று சபையில் ஒரு தீர்மானம் நிறைவேற்றுங்கள். மதிப்பீடு முடியக் காலம் எடுக்குமானால், எந்தத் திகதியிலிருந்து வரி கணக்கிடப்படும் என்பதையாவது அன்றே எழுத்தில் தாருங்கள், நாங்கள் அந்தக் காசை ஒதுக்கி வைத்திருப்போம். சபையின் பக்கத்தில் தாமதம் நேர்ந்திருந்தால், சட்டம் இடம்தரும் அளவுக்கு மேலதிகச் செலவை நீக்கி, நிலுவையைத் தவணைகளில் கட்ட விடுங்கள். பதிவேட்டில் இருக்கும் பெயரை மாற்றுவதற்கான படிவத்தையும் அதே நாளில் கொடுத்துவிட்டால், காலமானவர்களுக்குக் கடிதம் எழுதும் நிலை உங்களுக்கும் அதைப் பிரித்துப் பார்க்கும் வேதனை எங்களுக்கும் இராது.

எங்கள் நிலுவையை ஜூலையில் முழுவதுமாகக் கட்டிவிட்டோம். பற்றுச்சீட்டு அம்மாவின் பெயரில் இருக்கிறது. எங்களுக்கு அடுத்த வளவில் கலியாணம் முடித்து ஓர் ஆண்டும் ஆகாத பிள்ளைகள் இருவர் போன கிழமை அத்திவாரக் கல் வைத்தார்கள். அவர்களுடைய வரைபடம் ஏற்கெனவே உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. அந்தக் கோவையிலிருந்தே தொடங்குங்கள்.

இங்ஙனம்,
வரி செலுத்தும் ஒருவன்