சி.எஸ்.ஆர். ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

எந்தச் சட்டத்தை அமல்படுத்துவது, எதை விடுவது என்று ஒரு காவல் நிலையம் தானாக முடிவு செய்யலாமா? கைது விஷயத்தில் ஓரளவு செய்யலாம். ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் நோட்டீஸ் கொடுத்து விசாரித்தாலே போதும். வழக்குப் பதிந்த பிறகு, புலன்விசாரணைக்குப் போதிய முகாந்திரம் இல்லை என்று நிறுத்தவும் செய்யலாம். காரணத்தை எழுதிப் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் வழக்கைப் பதிவதா வேண்டாமா என்பது நிலைய அதிகாரியின் விருப்பம் அல்ல. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) கட்டாயம் என்று, லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையிலான ஐவர் அமர்வு 2013-லேயே தீர்ப்பளித்துவிட்டது.

தமிழ்நாட்டில் இந்தத் தீர்ப்பு செத்துப்போகும் இடம் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனு வந்ததற்கு நிலையம் தரும் சமூகப் பணிப் பதிவேட்டு ரசீது. மனுவுக்கு ஒரு எண் போட்டு, இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, எழுதி வாங்கிக்கொண்டு முடித்துவிடுகிறார்கள். எஃப்.ஐ.ஆர். என்றால் அதன் நகல் நீதித்துறை நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) போயாக வேண்டும். சி.எஸ்.ஆர். மனு நிலையத்தைத் தாண்டுவதில்லை; அதனால் கேட்பாரும் இல்லை.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, 173(3) பிரிவில் ஒரு விலக்கு தருகிறது. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குள் தண்டனையுள்ள குற்றமானால், டி.எஸ்.பி.யின் முன் அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். அனுமதியே வாங்காமல் மாதக்கணக்கில் மனுவை வைத்திருப்பதற்கு இதில் இடமில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளுக்கு முதற்கட்ட விசாரணையே தேவையில்லை என்கிறது அச்சட்டத்தின் 18ஏ பிரிவு. பாலியல் வன்முறை, ஆசிட் வீச்சுப் புகார்களைப் பதிய மறுக்கும் அதிகாரிக்குக் குறைந்தது ஆறு மாதக் கடுங்காவல் உண்டு.

புகார் எழுதுவோரும் கவனிக்க வேண்டும். பத்துப் பக்கம் பட்டா, பாகப்பிரிவினைக் கதை எழுதி, கம்பியால் அடித்ததை ஏழாம் பக்கத்தில் வைத்தால் ‘சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க’ என்ற பதில்தான் வரும். நாள், நேரம், இடம், அடித்தவர், ஆயுதம், காயம், இவை முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும். செல்போன் பறிபோயிருந்தால் ‘தொலைந்துவிட்டது’ என்று மாற்றி எழுதித் தரச் சொல்வார்கள், எழுதித் தராதீர்கள். தொலைந்தது குற்றமில்லை, திருட்டுதான் குற்றம்.

பதிய மறுத்தால் அதே மனுவைக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் பிரமாணப் பத்திரத்தோடு நடுவரிடம் அதே சன்ஹிதாவின் 175(3) பிரிவில் மனு செய்யலாம். பலரும் கண்காணிப்பாளர் என்ற நடுப்படியை விட்டுவிடுகிறார்கள். தபால் ரசீது இல்லாத மனு நடுவர் முன் நிற்காது. நேரே உயர் நீதிமன்றம் போனாலும், பெரும்பாலும் நடுவரிடமே திருப்பி அனுப்பப்படும்.

அரசு ஒன்று செய்யலாம். 14 நாள் கடந்த ஒவ்வொரு சி.எஸ்.ஆர். மனுவின் பட்டியலையும், பதியாததற்கான காரணத்தோடு, மாதந்தோறும் அந்தப் பகுதி நடுவருக்கு அனுப்ப டி.ஜி.பி. சுற்றறிக்கை வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்குரைஞர் ஒருவர்,
திண்டுக்கல்.