உன் கணக்கை இரவல் கொடுக்காதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று போனில் போகிறபோக்கில் ஒன்று சொன்னாயே, ஜிம்மில் பழக்கமான அந்த அண்ணன், நிவாரணப் பணம் கொஞ்சம் உன் கணக்கில் வந்து விழும், அதை அவர் சொல்லும் இன்னொரு கணக்குக்கு அனுப்பிவிட்டால் போதும், உன் சிரமத்துக்கு நூறு பவுண்டு எடுத்துக்கொள் என்று கேட்டதாக. அம்மா பக்கத்திலேயே இருந்ததால் பேச்சை மாற்றிவிட்டேன். ராத்திரி முழுக்க அதே நினைப்பு.

அவரைத் தீவிரவாதி என்று நான் சொல்லவில்லை. வெறும் மோசடிக்காரராகவும் இருக்கலாம். ஆனால் நிவாரணம் செய்கிற நல்ல மனிதருக்குச் சொந்தமாக ஒரு கணக்கு இருக்காதா, உன் கணக்கு எதற்கு?

தீவிரவாத இயக்கங்களுக்குப் பணம் பெட்டி பெட்டியாக எங்கிருந்தோ வருகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நீ இருக்கிற லண்டனிலேயே 2005 ஜூலை 7 அன்று ரயிலிலும் பஸ்ஸிலும் குண்டு வைத்து 52 பேரைக் கொன்றார்களே, அதற்கு ஆன மொத்தச் செலவு 8,000 பவுண்டுக்கும் குறைவு என்று அரசாங்க அறிக்கையே சொல்கிறது. அந்தப் பணமும் பெரும்பாலும் அவர்களில் ஒருவனுடைய வங்கிக் கணக்கு, கிரெடிட் கார்டு, 10,000 பவுண்டு தனிநபர் கடன் என்று நம்மைப் போன்றவர்கள் வைத்திருக்கிற வழிகளில் வந்ததுதான். அதனால் தொகை சின்னதாயிற்றே, என்ன ஆகிவிடும் என்று கணக்குப் போடாதே.

ஆள் சேர்க்கிறதும் அப்படித்தான். மார்க் சேகமன் என்ற மனநல மருத்துவர் தீவிரவாத இயக்கங்களில் சேர்ந்த 172 பேருடைய கதையைத் தோண்டிப் பார்த்தார். அவர்களில் பெரும்பாலோர் கொள்கைப் புத்தகம் படித்துப் போகவில்லை, நண்பன் போனான், அண்ணன் தம்பி போனான், பின்னாலேயே போனார்கள். முதலில் பழக்கம், அப்புறம் சின்ன உதவி, அதற்கப்புறம் 'இதெல்லாம் வீட்டில் சொல்ல வேண்டாம்'. 2015இல் இங்கே தென்னாப்பிரிக்காவில் நம் கேப்டவுனிலிருந்து ஐஎஸ் தீவிரவாத இயக்கத்தில் சேரக் கிளம்பிய 15 வயதுப் பெண்ணை ஜோஹன்னஸ்பர்க்கில் விமானத்திலிருந்து இறக்கினார்களே, ஆள் சேர்க்கிறவர்கள் அவளோடு சமூக ஊடகத்தில்தான் பேசியிருந்தார்கள். படிக்கிற பிள்ளை, வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

நம் ஆட்களுக்கு இது புதுசு என்று நினைக்காதே. சுனாமிக்குப் பிறகு டர்பனில் நம் கோயிலில் நிதி திரட்டியபோது நான்தான் ரசீதுப் புத்தகம் வைத்திருந்தேன். ஒருவர் எண்ண, இன்னொருவர் சரிபார்க்க, கார்பன் தாள் வைத்து இரண்டு பிரதி எழுதி, பணம் எந்த ஊரில் யார் கைக்குப் போகிறது என்று பலகையில் ஒட்டுவோம். அப்போதே வேறு சிலர் தனியாக வசூலுக்கு வந்தார்கள். ரசீது கேட்டால் 'அண்ணே, நம் பிள்ளைகளுக்குத்தானே' என்பார்கள். நம் பிள்ளைகள் என்றால் யார் மனசுதான் இளகாது? இலங்கையில் நம் மக்கள் பட்ட பாடு பொய்யில்லை, அரசாங்கம் செய்த கொடுமையும் பொய்யில்லை. ஆனால் 2006இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு வெளியிட்ட அறிக்கையில் லண்டன், டொராண்டோ தமிழர்களே சொல்லியிருக்கிறார்கள்: புலிகளுக்காக வீட்டுக்கு வந்து கனடாவில் குடும்பத்துக்கு 2,500 முதல் 5,000 டாலர் வரை கேட்டார்கள், கொடுக்காதவர்களை ஊருக்குப் போனால் தெரியும் என்று மிரட்டினார்கள். அடுத்த வருஷமே, புலிகளுக்குப் பணம் திரட்டுகிறது என்று சொல்லி, தமிழர் புனர்வாழ்வுக் கழகம் என்ற நிவாரண அமைப்பின் சொத்துகளை அமெரிக்கா முடக்கியது. அகதிப் பிள்ளைக்குப் பால்மாவு என்று நினைத்துக் கொடுத்தவர்கள் அதில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள், பாவம்.

சட்டத்தையும் தெரிந்துகொள். பிரிட்டனின் 2000ஆம் ஆண்டு பயங்கரவாதச் சட்டத்தில், பணம் அந்த வழிக்குப் போகிறது என்று உனக்குத் தெரிந்திருக்கவே வேண்டியதில்லை, சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தாலே குற்றம், 14 வருஷம் வரை உள்ளே போடலாம். நூறு பவுண்டு கூலி கொடுத்ததே சந்தேகப்படக் காரணம் இல்லையா என்று ஒரு வக்கீல் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறாய்? இங்கே மட்டும் என்ன, 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவைச் சாம்பல் பட்டியலில், அதாவது கறுப்புப் பணத்தையும் தீவிரவாத நிதியையும் சரியாகத் தடுக்காத நாடுகளைக் கண்காணிக்கிற சர்வதேசப் பட்டியலில், போட்டதற்கு, இந்த மாதிரிப் பண விவகாரங்களைச் சரியாக விசாரிக்கவில்லை என்பதும் ஒரு காரணம். 2025 அக்டோபரில்தான் வெளியே வந்தோம். வங்கியில் ஃபிகா காகிதம் (நாம் யார், எங்கே இருக்கிறோம் என்பதற்கான அத்தாட்சி) கேட்கிறான் கேட்கிறான் என்று பாட்டி புலம்பினாளே, அதெல்லாம் இதற்காகத்தான்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பணம் இன்னும் வரவில்லையென்றால் முடியாது என்று ஒரு வரியில் சொல்லிவிடு, காரணம் சொல்லிக்கொண்டு நிற்காதே. வந்துவிட்டதென்றால் ஒரு பென்னி தொடாதே, அவருக்கே திருப்பி அனுப்பவும் செய்யாதே, முதலில் உன் வங்கிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல். அவர் அனுப்பிய மெசேஜ் எதையும் அழிக்காதே. கைச்செலவுக்கு முடை என்றால் என்னிடம் கேள், ராண்டை மாற்றினால் கொஞ்சம்தான் வரும், ஆனாலும் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலுக்குப் போனதும் கூப்பிடு, அவளிடம் எப்படிச் சொல்வது என்று பேசிக்கொள்வோம்.

இப்படிக்கு,
அப்பா