வெளிச்சத்தில் பிடித்துப் பார்

அன்புள்ள மீனா,

இத்தாலி வரைக்கும் போய் வாட்டிகனை விட்டுவிட்டுப் பேப்பர் பார்க்கப் போன ஆள் நீங்கள் ஒருத்தர்தான் அப்பா என்று போனில் சிரித்தாய். முப்பது வருஷம் அச்சகத்தில் ரீம் ரீமாகப் புரட்டியவன் வேறு எங்கே போவான்? சுற்றுலாக் குழுவிடம் சொல்லிவிட்டு, அம்மாவும் நானும் ரோமில் அங்கோனா ரயிலைப் பிடித்தோம். வழியில், மலைகளுக்கு நடுவே ஃபாப்ரியானோ, காகிதத்துக்குப் பேர்போன ஊர்.

பெரிய அழகு என்று சொல்ல மாட்டேன். 1255இல் பொதெஸ்தாவுக்கு, அதாவது அந்தக் கால நகர அதிகாரிக்குக் கட்டிய மாளிகை, பக்கத்தில் 1285ஆம் வருஷத்து நீரூற்று. பத்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம். ஆனால் ஊர்ச் சின்னத்தில் சிங்கமோ கழுகோ இல்லை, சம்மட்டி அடிக்கும் கொல்லன் இருக்கிறான். அங்கேயே எனக்கு ஊர் பிடித்துவிட்டது.

காகிதம் செய்யும் வித்தை அரபுக்காரர்களிடமிருந்து வந்தது. 13ஆம் நூற்றாண்டில் இந்த ஊர்க்காரர்கள் கையில் ஏற்கெனவே இருந்த தொழில்களை அதில் கலந்தார்கள். கம்பளி அடிக்க ஆற்றுநீரில் ஓடிய சம்மட்டிகளைக் கந்தல்துணி இடிக்கத் திருப்பினார்கள். பழைய காகிதத்துக்கு மாவுக் கஞ்சிதான் போடுவார்கள், பூச்சி அரித்துவிடும். இவர்கள் தோல் பதனிடும் இடத்துக் கழிவைக் காய்ச்சி எடுத்த பசையைப் பூசினார்கள். அப்புறம் கூழை அள்ளும் சல்லடையில் கம்பியை வளைத்துத் தைத்தார்கள். கம்பி பட்ட இடத்தில் தாள் மெலிந்து, வெளிச்சத்தில் குறியாகத் தெரியும்: அதுதான் வாட்டர்மார்க்.

சான் டொமெனிகோ மடம் இப்போது காகித அருங்காட்சியகம். தொட்டியில் பால் மாதிரிக் கூழ். சல்லடைச் சட்டத்தை உள்ளே விட்டுத் தூக்கி ஒரு குலுக்கு. அந்தக் குலுக்கில்தான் தாள் சீராகிறது. என்னையும் செய்யச் சொன்னார்கள். குலுக்கல் தப்பி, ஒரு பக்கம் கல்தோசையாகத் தடித்துவிட்டது. அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

ஊர் பேப்பரை மட்டும் நம்பியிருக்கவில்லை. மெர்லோனி குடும்பம் 1930இல் தராசில் தொடங்கி வாஷிங் மெஷின் வரை செய்தது. 2014இல் அவர்களுடைய இன்டெசிட் கம்பெனி அமெரிக்க வேர்ல்பூல் கைக்குப் போயிற்று.

நீ பத்தாவதில் ஃபாப்ரியானோ தாள் ஒன்று கேட்டு அழுதது நினைவிருக்கிறதா? ஒரு ஷீட்டுக்கு இந்த விலையா என்று கத்தினேன். பேப்பர் தெரிந்தவன் என்கிற திமிர். அது முழுக்கப் பருத்தி என்றுகூடப் பார்க்கவில்லை.

நான் செய்த தாளை இத்துடன் அனுப்புகிறேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார், குறி தெரியும். அம்மா ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்ததில் ஒரு மூலையில் எண்ணெய் பட்டுவிட்டது. அதை மட்டும் வெட்டிவிடு.

அப்பா