பரிசோதனை அறையில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு நன்றி

மகளிர் நோய்ப் பிரிவில் எங்கள் பேட்ச்சின் போஸ்டிங் முடிந்துவிட்டது. லேபர் ரூமுக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். இது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை அறையில் இருந்தவர்களுக்கு மட்டும்.

முதல் நன்றி, பெயர் சொல்லக் கூடாத அம்மாக்களுக்கு. "படிக்கிற பிள்ளைங்கதானே, பார்க்கட்டும்" என்று சம்மதித்தீர்கள். பொம்மையில் பழகிவிட்டுத்தான் உங்களிடம் வந்தோம். ஆனால் பொம்மை தொடையை இறுக்காது, மூச்சைப் பிடித்துக்கொள்ளாது, "கண்ணு, கொஞ்சம் மெதுவா" என்று சொல்லாது. எப்போது மெதுவாக வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் உங்கள் முகத்தைப் பார்த்துக் கற்றதுதான்.

அடுத்து, மேடம். சம்மதத்தை நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே கேட்க வேண்டும், மேசையில் படுத்த பிறகு கேட்பது கேட்டதாகவே ஆகாது என்பது அவர் சட்டம். ஒரு நோயாளிக்கு ஒரு மாணவர்தான். யாராவது வேண்டாம் என்றால் "சரிம்மா" என்று சொல்லிவிட்டு அவரே பார்ப்பார். முகம் மாறாது, காரணமும் கேட்க மாட்டார். இலவச சிகிச்சைக்கு வந்தவர்கள் மாணவர்களை மறுக்கக் கூடாது என்று நினைப்பவர்கள் நம் தொழிலில் இன்னும் இருக்கிறார்கள். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். வேண்டாம் என்று சொன்ன அம்மாக்களே, உங்களுக்கும் நன்றி.

கையால் செய்யும் வேலையைப் பெரும்பாலும் சொல்லிக்கொடுத்தவர் சிஸ்டர். முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். உள்ளே வைத்து விரித்துப் பார்க்கும் கருவியான ஸ்பெகுலத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, தொடையின் உள்பக்கம் லேசாகத் தொட்டுக் காட்டி, "இந்தச் சூடு பரவாயில்லையாம்மா?" என்று கேட்க வேண்டும். வினிகரில் இருக்கும் அதே அசெட்டிக் அமிலத்தை, நீர்த்த நிலையில், பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் வைப்பதற்கு முன்பே "லேசா எரியும்" என்று சொல்லிவிட வேண்டும். அப்புறம் முழுசாக ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். எங்களுக்கு இருபது விநாடியிலேயே நிமிடம் முடிந்துவிடும். சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி "இன்னும் ஆகல" என்பார். பின்னால் புற்றுநோயாக மாறக்கூடிய இடத்தைக் காட்டும், ஓரம் தெளிவான வெள்ளைத் திட்டு அந்தக் காத்திருப்புக்குப் பிறகுதான் கண்ணில் படும்.

'வினிகர்தானே' என்று ஒருவன் முணுமுணுத்தபோது மேடம் திண்டுக்கல் ஆய்வைச் சொன்னார். 2007இல் லான்செட் இதழில் வந்தது. பயிற்சி பெற்ற நர்சுகள் இதே முறையில் ஒரே ஒரு தடவை பரிசோதித்து, தேவையானவர்களுக்குச் சிகிச்சையும் கொடுத்ததில், இந்தப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. அந்த ஆய்வுக்குச் சம்மதித்த 30 முதல் 59 வயதுப் பெண்களில் யாரையும் எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் இந்த மடலில் இடம் உண்டு.

ஸ்கிரீனை இழுத்துவிட்டு, போர்வையை முழங்கால் வரை போர்த்தி, பையன்கள் பார்க்கும் நேரமெல்லாம் நோயாளியின் தலைமாட்டிலேயே நின்ற ஆயாம்மாவுக்கு நன்றி. கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த செல்களைத் தடவி அனுப்பும் கண்ணாடி ஸ்லைடில் பென்சிலால்தான் எழுத வேண்டும், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும் என்று அலுக்காமல் சொல்லி அனுப்பிய பேத்தாலஜி டெக்னீஷியன் அண்ணனுக்கும்தான்.

கடைசியாக, கிராம சுகாதார செவிலியர் அக்காக்கள். "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே, எதுக்கு வரணும்?" என்று கேட்டவர்களிடம், தொந்தரவு வருமுன் பார்ப்பதற்குத்தான் இந்தப் பரிசோதனை என்று திண்ணையில் உட்கார்ந்து விளக்கி, பஸ் ஏற்றி அழைத்து வந்தீர்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தவர்களைக் கால்போஸ்கோபிக்கு, அதாவது கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனைக்கு, மறுபடி கூட்டி வந்ததும் நீங்கள்தான். அதற்குக் கணவரிடமும் மாமியாரிடமும் பேச வேண்டியிருந்தது. எங்கள் லாக் புக்கில் எத்தனை பரிசோதனை செய்தோம் என்று எழுத இடம் இருக்கிறது. நீங்கள் செய்ததை எழுத அதில் இடம் இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

அன்புடன்,
ஒரு ஹவுஸ் சர்ஜன்